மௌனம் சம்மதமாவது எப்போது? திறமூலத் திட்டங்களின் மடற்குழுக்களும் தானியங்கி அறிவிப்புகளும்

அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் திட்டங்களில் நெடுநாளாக ஒரு வழக்கம் இருக்கிறது. நிரலில் ஒரு மாற்றம் செய்ய நினைப்பவர் திட்டத்தின் மடற்குழுவில் தன் எண்ணத்தை எழுதுகிறார். எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் யாரும் மறுப்புச் சொல்லாவிட்டால் வேலையைத் தொடங்கிவிடுகிறார். யாரிடமும் தனியாக அனுமதி கேட்க வேண்டியதில்லை, வாக்கெடுப்பும் தேவையில்லை. 72 மணி நேரம் என்று வைத்ததற்குக் காரணம் உண்டு. பங்களிப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள். பலர் சம்பளமில்லாமல், அலுவலக வேலை முடிந்த இரவிலோ வார இறுதியிலோ இந்த வேலையைச் செய்கிறார்கள். எல்லோருக்கும் ஒருமுறையாவது மடலைத் திறந்து பார்க்க அவகாசம் வேண்டும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நாம் சொல்வதையே அவர்கள் நிர்வாக விதியாக ஆக்கி வைத்திருக்கிறார்கள்.

இந்த விதி ஓர் அனுமானத்தின் மேல் நிற்கிறது: பேசாமல் இருந்தவர் மடலைப் படித்திருக்கிறார் என்ற அனுமானம். குழுவுக்கு வரும் மடல்களில் பெரும்பாலானவை இயந்திரங்கள் எழுதியவை என்றாகும்போது அது உடைந்துபோகிறது. வழு பதிவானது, வழுவின் நிலை மாறியது, நிரல் சேர்க்கப்பட்டது, சோதனை தோற்றது, மறுபடி தோற்றது என்று நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கும் அறிவிப்புகளுக்கு நடுவே ஒரு மனிதர் எழுதிய யோசனை கிடக்கிறது. அதை யாரும் மறுக்கவில்லை, ஏனென்றால் யாரும் பார்க்கவில்லை. விதிப்படி முடிவு செல்லும். ஆனால் அந்த முடிவை எடுத்தது யார் என்று கேட்டால் பதில் இல்லை. தானியங்கி அறிவிப்புகளை எப்படி நிர்வகிப்பது என்பது அஞ்சல்பெட்டியை ஒழுங்கு செய்யும் சில்லறை வேலையாகப் பல திட்டங்களில் கருதப்படுகிறது. ஒரு சமூகம் எப்படி முடிவெடுக்கிறது என்பதையே தீர்மானிக்கும் விஷயம் அது என்பது என் வாதம்.

அப்பாச்சியை எடுத்துக்கொள்வதற்குக் காரணம், அந்த அமைப்பே ஒரு மடற்குழுவிலிருந்து பிறந்தது என்பதுதான். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் என்.சி.எஸ்.ஏ. மையத்தில் வலைச் சேவையக நிரலை எழுதிவந்த ராப் மெக்கூல் 1994-இல் அங்கிருந்து விலகியபின் அந்த நிரலின் வளர்ச்சி நின்றுபோனது. அதைப் பயன்படுத்தியவர்கள் அவரவர் தேவைக்குத் திருத்தங்களைச் செய்துகொண்டிருந்தார்கள். பிரையன் பெலன்டார்ஃபும் கிளிஃப் ஸ்கால்னிக்கும் 1995-இல் ஒரு பொதுக் கணினியையும் ஒரு மடற்குழுவையும் ஏற்படுத்தி அவர்களை ஒன்றுசேர்த்தார்கள். தொடக்கத்தில் எட்டுப் பேர். திருத்தங்கள் மடலில் வரும். மற்றவர்கள் படித்துவிட்டுக் கூட்டல் ஒன்று, பூஜ்யம், கழித்தல் ஒன்று என்று வாக்களிப்பார்கள். 1999-இல் அறக்கட்டளை பதிவானபோது இந்தப் பழக்கங்களே சட்டங்களாயின. இன்றும் ஒரு வெளியீட்டுக்குத் திட்ட நிர்வாகக் குழுவினர் மூவராவது ஆதரவாக வாக்களிக்க வேண்டும். நிரல் மாற்றத்துக்கு எதிராக ஒருவர் தொழில்நுட்பக் காரணத்தோடு கழித்தல் ஒன்று போட்டால் அது வீட்டோ. எல்லாம் மடற்குழுவில்தான். தொலைபேசியில் பேசியதோ, மாநாட்டுக் கூடத்தில் பேசியதோ, உடனடிச் செய்தியில் பேசியதோ குழுவுக்குத் திரும்பி வராவிட்டால் அது நடக்காததாகவே எண்ணப்படும்.

இந்த இடத்துக்கு இயந்திரம் எழுதும் மடல் முதலில் வந்தது நல்ல காரணத்துக்காகத்தான். சி.வி.எஸ்., பிறகு சப்வெர்ஷன் போன்ற பதிப்பு மேலாண்மைக் கருவிகளில் யாராவது நிரலைச் சேர்த்தவுடன், எந்த வரி போனது, எந்த வரி வந்தது என்ற வேறுபாட்டோடு ஒரு மடல் தானாகக் குழுவுக்குப் போகும்படி அமைத்தார்கள். நிரலர்கள் அதைக் கமிட் மடல் என்கிறார்கள். சப்வெர்ஷன் திட்டத்தின் தொடக்க காலத்தைப் பற்றி கார்ல் ஃபோகெல் 2005-இல் வெளிவந்த தன் நூலில் சொல்லியிருக்கிறார். கிரெக் ஸ்டைன் என்ற நிரலர் வந்த ஒவ்வொரு கமிட் மடலையும் வரிவரியாகப் படித்துக் கருத்து எழுதத் தொடங்கினார். யாரும் அவரை அப்படிச் செய்யச் சொல்லவில்லை. அவர் தொடர்ந்து செய்ததைப் பார்த்து மற்றவர்களும் செய்தார்கள். நாளடைவில் பிறர் நிரலைப் படிப்பது அந்தத் திட்டத்தின் பண்பாடாகிவிட்டது. அதே நூலில் ஃபோகெல் ஒரு சிறிய ஏற்பாட்டையும் பரிந்துரைக்கிறார்: கமிட் மடலுக்குப் பதில் எழுதினால் அந்தப் பதில் விவாதக் குழுவுக்குப் போகும்படி மடலின் பதில் முகவரியை அமைத்துவிட வேண்டும். இயந்திரம் ஒரு குழுவில் பேசட்டும்; மனிதர் வாய் திறந்தவுடன் பேச்சு மனிதர்கள் இருக்கும் குழுவுக்கு மாறிவிடும். இந்தச் சிக்கலுக்குச் சொல்லப்பட்ட தீர்வுகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இருபது வருடம் ஆகியும் பல திட்டங்கள் இதைச் செய்யவில்லை.

கமிட் மடல்களையும் அதுபோன்ற அறிவிப்புகளையும் ஒட்டுமொத்தமாக நிறுத்திவிடலாமே என்று கேட்பவர்களுக்கு 2021 மார்ச் 28-இல் நடந்ததைச் சொல்ல வேண்டும். பி.எச்.பி. மொழியின் மூல நிரல் களஞ்சியத்துக்குள் இரண்டு மாற்றங்கள் நுழைந்தன. ஒன்று அந்த மொழியை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃபின் பெயரிலும் மற்றது முக்கியப் பராமரிப்பாளர் நிகிதா போப்பொவின் பெயரிலும் வந்தன. முதலாவதன் குறிப்பு எழுத்துப் பிழையைத் திருத்தியதாகச் சொன்னது. உள்ளே இருந்தது, குறிப்பிட்ட ஒரு சொல்லோடு வரும் கோரிக்கை எதுவானாலும் அது சொல்லும் நிரலைச் சேவையகத்தில் ஓட்டிவிடும் பின்வாசல். உலகின் வலைத்தளங்களில் மிகப் பெரும் பகுதி அந்த மொழியில் ஓடுகிறது. சேர்க்கப்பட்ட நிரலைப் பிறகு படித்துப் பார்க்கும் அன்றாடப் பழக்கத்தில் சில மணி நேரத்துக்குள் அது பிடிபட்டது. எந்த வெளியீட்டுக்குள்ளும் போகவில்லை. எழுத்துப் பிழைத் திருத்தம் என்று சொல்லிக்கொண்ட ஒன்றையும் திறந்து பார்த்த கண்கள் இருந்ததால் தப்பித்தார்கள். அறிவிப்பை நிறுத்துவது அந்தக் கண்களை மூடுவதாகும்; அறிவிப்பைக் கணக்கில்லாமல் பெருக்கினாலும் அதே கண்கள் களைத்து மூடிக்கொள்ளும்.

பெருகியது எப்படி என்று பார்க்க வேண்டும், ஏனென்றால் யாரும் திட்டமிட்டுப் பெருக்கவில்லை. ஒவ்வொரு கருவியும் தனித்தனியாக நியாயமான வேலையைச் செய்தது. ஜிரா என்ற வழுப் பதிவேட்டை எடுத்துக்கொள்வோம். ஒரு வழு பதிவானால் ஒரு மடல். அதை ஒருவர் பொறுப்பேற்றால் இன்னொன்று. ஒட்டுச்சீட்டு போல ஒரு குறிச்சொல் சேர்த்தால், வேறு வழுவோடு இணைத்தால், முன்னுரிமையை மாற்றினால், கருத்து எழுதினால், எழுதிய கருத்தில் ஒரு காற்புள்ளியைத் திருத்தினால் ஒவ்வொன்றுக்கும் ஒரு மடல். போதாததற்கு, உருவானது, கருத்திடப்பட்டது, தீர்க்கப்பட்டது என்று மடலின் தலைப்பும் செயலுக்கேற்ப மாறிக்கொண்டே இருக்கும். தலைப்பு ஒன்றாக இருந்தால்தான் ஜிமெயில் போன்ற சேவைகள் மடல்களை ஒரே உரையாடலாகக் கோக்கும். தலைப்பு மாறுவதால் ஒரே வழுவின் கதை அஞ்சல்பெட்டியில் நாலைந்து துண்டுகளாகச் சிதறிக் கிடக்கும்.

பிறகு தனியார் நிரல் தளமான கிட்ஹப் வந்தது. அப்பாச்சி தன் கிட் களஞ்சியங்களை 2019-இன் தொடக்கத்துக்குள் கிட்ஹப்போடு இணைந்த அமைப்புக்கு மாற்றி முடித்தது. பெரும்பாலான உரையாடல் அங்கே நடக்கத் தொடங்கியது. ஆனால் நடந்தவை எல்லாம் அறக்கட்டளையின் சொந்த ஆவணத்தில் இருக்க வேண்டும் என்பது பழைய விதி. ஒரு தனியார் நிறுவனம் நாளை மூடிவிட்டாலும் ஏன் இந்த முடிவு எடுக்கப்பட்டது என்பதற்கான சான்று அழியக்கூடாது, நல்ல விதிதான். அதனால் கிட்ஹப்பில் ஒரு மாற்றக் கோரிக்கையின் மேல் எழுதும் ஒவ்வொரு கருத்தும் மடலாக மாறி மடற்குழுவுக்கு வருகிறது. அந்தக் கோரிக்கை ஜிராவின் ஒரு வழுவோடு இணைந்திருந்தால் கருத்து அங்கேயும் நகலாகும். ஜிராவில் ஒன்று சேர்ந்தால் ஜிரா சும்மா இருக்குமா? அதுவும் ஒரு மடல் அனுப்பும். கிட்ஹப்பில் நேரடியாக அந்தக் களஞ்சியத்தைக் கவனித்து வருபவருக்கு கிட்ஹப்பே தனியாக ஒரு மடல் அனுப்பும். "இந்த மாறியின் பெயரை மாற்றலாமே" என்று ஒருவர் எழுதிய ஒரு வரி, ஒரே வாசகரின் பெட்டிக்கு மூன்று வழிகளில் மூன்று வடிவங்களில் வந்து சேர்வது இப்படித்தான். ஜிராவின் கருத்துப் பகுதியில் சேர்க்காமல் அதன் வேலைப் பதிவேட்டில் மட்டும் சேர்க்கும் மாற்று வழியை அறக்கட்டளையின் கட்டமைப்புக் குழு பின்னால் தந்தது. பிரச்சினை அவர்களுக்கும் உறைத்திருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

இவற்றுக்கு மேல், ஆளே இல்லாமல் நடக்கும் உரையாடல்கள். சார்பு நூலகங்களின் புதிய பதிப்பு வந்திருக்கிறதா என்று பார்த்து மாற்றக் கோரிக்கையைத் தானே தொடங்கும் டிபெண்டபாட் 2017-இல் தோன்றியது. 2019 மே மாதம் கிட்ஹப் அதை வாங்கியது. பாதுகாப்புக்கு அது பெரிய உதவி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் நடத்தையை மடற்குழுவில் இருந்து பாருங்கள். ஒரு நூலகத்துக்குக் கோரிக்கை திறக்கிறது; மடல். சோதனை இயந்திரம் முடிவைக் கருத்தாக எழுதுகிறது, மடல். யாரும் ஏற்பதற்குள் நூலகத்தின் அடுத்த பதிப்பு வந்துவிடுகிறது. பழைய கோரிக்கையை மூடுகிறோம் என்று ஒரு மடல், புதியதைத் திறக்கிறோம் என்று இன்னொன்று. இரண்டு இயந்திரங்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டதை நூற்றுக்கணக்கான மனிதர்கள் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள். பல புதுப்பிப்புகளை ஒரே கோரிக்கையாகத் தொகுக்கும் வசதி 2023-இல்தான் எல்லோருக்கும் கிடைத்தது.

சோதனை இயந்திரங்களின் கதையும் இதுவே. ஜென்கின்ஸ் போன்ற கருவிகள், தோற்ற சோதனை ஒவ்வொன்றுக்கும் மடல் அனுப்பும்படி அமைக்கப்பட்டிருக்கும். ஒரு வாரமாகத் தோற்றுக்கொண்டிருக்கும் சோதனை ஒரு வாரமும் மடல் அனுப்பும். முதல் மடலில் செய்தி இருந்தது; நாற்பதாவது மடலில் இல்லை. நிலை மாறும்போது மட்டும் பேசச் சொல்லும் தேர்வு, அதாவது முதன்முறை தோற்றபோது ஒன்று, சரியானபோது ஒன்று என்ற தேர்வு, அதே கருவிக்குள்ளேயே கிடைக்கும். அதைத் தேடிப் போய் மாற்ற யாருக்கும் பொறுப்பு இல்லாததால் ஆரம்ப அமைப்பே பல இடங்களில் நிலைத்துவிடுகிறது. எதற்கெடுத்தாலும் தண்டோரா போடும் ஊரில் வெள்ளம் வருகிறது என்று அறிவித்தாலும் யாரும் வாசலுக்கு வரமாட்டார்கள்.

திட்டங்கள் கண்ட முதல் மருந்து, குழுவைப் பிரிப்பது. விவாதத்துக்கு டெவ் என்ற குழு, கமிட் மடல்களுக்கு கமிட்ஸ், வழுப் பதிவேட்டுக்கு இஷ்யூஸ், மீதிக்கு நோட்டிஃபிகேஷன்ஸ் என்று அப்பாச்சித் திட்டங்கள் பல பிரித்துவிட்டன. எந்த வகை அறிவிப்பு எந்தக் குழுவுக்குப் போக வேண்டும் என்பதைக் களஞ்சியத்திலேயே இருக்கும் ஏ.எஸ்.எஃப். யாமல் என்ற சிறிய கோப்பில் சில வரிகளாக எழுதிவிடலாம். கமிட், வழு, மாற்றக் கோரிக்கை திறப்பதும் மூடுவதும், அவற்றின் மேல் எழும் கருத்துகள் என ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி கொடுக்கலாம். கட்டமைப்புக் குழுவிடம் விண்ணப்பம் போட்டுக் காத்திருக்க வேண்டியதில்லை. விவாதக் குழு மூச்சுவிடுகிறது. புதிதாகச் சேர்பவருக்கு மனிதர்கள் பேசுவது காதில் விழுகிறது.

ஆனால் பிரிப்பதோடு வேலை முடிந்தது என்று நினைப்பது ஆபத்து. யாரும் சேராத குழுவுக்கு அறிவிப்புகளை அனுப்புவதும் அவற்றை அழித்துவிடுவதும் நடைமுறையில் ஒன்றுதான். ஆவணத்தில் இருக்கிறதே என்று விதியைக் காட்டித் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் கிரெக் ஸ்டைன் படித்தது ஆவணத்தை அல்ல. அன்றன்று வந்த மடலை. கமிட்ஸ் குழுவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், அவர்களில் யார் உண்மையில் படிக்கிறார்கள் என்று எந்தத் திட்டமாவது தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறதா? நிரலைச் சேர்த்த பிறகு பரிசீலிப்பது என்ற முறையைப் பின்பற்றும் திட்டத்துக்கு இது உயிர் போன்ற கேள்வி. படிப்பவர் இல்லையென்றால் பரிசீலனையும் இல்லை. விவாதக் குழுவில் கேட்காமல் போன மௌனம் இங்கே வேறு வேடத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

லினக்ஸ் வழங்கலான டெபியன் இதைக் கொஞ்சம் வேறுவிதமாகக் கையாள்கிறது. அதன் முறையில் கற்க வேண்டியது நிறைய. அதன் வழுப் பதிவேடு 1994-இல் இயன் ஜாக்சன் தொடங்கியது. முழுக்க முழுக்க மின்னஞ்சலாலேயே இயங்கும். ஒவ்வொரு வழுவுக்கும் அதன் எண்ணே முகவரி. வழுவை மூட வேண்டுமென்றால் அந்த எண்ணோடு முடிந்தது என்று பொருள்படும் ஒட்டைச் சேர்த்த முகவரிக்கு ஒரு மடல் எழுத வேண்டும். அந்த மடல் வழுவைச் சொன்னவருக்குப் போய்ச் சேரும். ஆகவே மூடுபவர் அவருக்கு ஏதாவது காரணம் எழுதியாக வேண்டியிருக்கிறது. தொகுப்பின் மாற்றக் குறிப்பில் வழு எண்ணைச் சொல்லித் தானாக மூடும் வழியும் உண்டு. அப்போதுகூட அந்தக் குறிப்பே மடலில் போகிறது. பொத்தானை அழுத்தினால் போதும், இயந்திரம் ஏதோ எழுதிக்கொள்ளும் என்ற முறைக்கும் இதற்கும் உள்ள தூரம் பெரிது. இங்கே இயந்திரம் சுமந்து வருவது ஒரு மனிதரின் வாக்கியம்.

டெபியனின் வழு மடல்களில் பெரும்பாலானவை ஒரு தனிப் பெருங்குழுவுக்குப் போகின்றன. பொது விவாதக் குழுவுக்கு வழக்கமாக வருவதில்லை. ஆனால் ஒரு வகைக்கு விலக்கு உண்டு. யாராவது ஒரு புதிய மென்பொருளை டெபியனுக்காகத் தொகுக்கப் போகிறேன் என்று பதிவு செய்தால் அந்த மடலின் நகல் மட்டும் விவாதக் குழுவுக்குப் போகும். அந்த மென்பொருள் தேவையா, பெயர் வேறொன்றோடு மோதுமா, உரிமத்தில் சிக்கல் உண்டா என்று சொல்ல யாருக்காவது ஏதாவது இருக்கலாம். பொது இடத்துக்கு வரத் தகுதியுள்ள அறிவிப்பு எது என்பதை அந்தச் சமூகம் யோசித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறது: கேட்பவர் கருத்துச் சொன்னால் முடிவு மாறக்கூடிய அறிவிப்பு. இதைவிடத் தெளிவான அளவுகோலை நான் பார்க்கவில்லை. தனித் தொகுப்புகளைக் கவனிப்பவர்களுக்குத் தொகுப்புத் தடம்காணி என்ற சேவை இருக்கிறது. அதில் சேர்பவர் வழு மடல்கள் வேண்டும், கட்டளை மடல்கள் வேண்டாம், பதிவேற்ற அறிவிப்பு வேண்டும், மொழிபெயர்ப்புச் செய்தி வேண்டாம் என்று வகை வகையாகத் தேர்ந்துகொள்ளலாம்.

லினக்ஸ் கருநிரலின் மடற்குழுக்கள் இன்னும் கடினமான களம். முதன்மைக் குழுவுக்கு மட்டுமே நாளொன்றுக்கு ஆயிரம் மடல் அளவில் வருகிறது. அதை முழுதாகப் படிப்பவர் யாரும் இல்லை என்பது அங்கே எல்லோரும் ஒப்புக்கொண்ட உண்மை. குழுவைக் காலி செய்வது அங்கே நடக்காத காரியம். அதனால் இயந்திரங்களுக்கு ஒழுக்கம் கற்பிக்கத் தொடங்கினார்கள். கூகுள் நிறுவனத்தினர் 2017 முதல் நடத்திவரும் சிஸ்பாட், கருநிரலுக்குக் கன்னாபின்னாவென்று உள்ளீடுகளைக் கொடுத்து அது எங்கே விழுகிறது என்று இரவு பகலாகத் தேடுகிறது. ஆயிரக்கணக்கான வழுக்களைக் கண்டுபிடித்திருக்கிறது. அவ்வளவையும் குழுவில் கொட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கோப்பு முறைமைகளைப் பராமரிப்பவர்கள் சிலர் அதன் மேல் வெளிப்படையாகவே சலித்துக்கொண்டார்கள்: வேண்டுமென்றே சிதைத்த வட்டுப் படிமத்தைக் கொடுத்துவிட்டு விழுந்தது என்று சொல்வதற்கு எத்தனை மணி நேரம் செலவழிப்பது என்ற கேள்வியில் நியாயம் இருந்தது.

சிஸ்பாட் வளர்ந்த விதம் கவனிக்கத் தக்கது. கண்டுபிடிப்புகள் முதலில் பரிசீலனைக்கென்று இருக்கும் தனிக் குழுவுக்குப் போகும். பொதுக் குழுவுக்கு வரும் அறிக்கையில் வழுவை மறுபடி உண்டாக்கும் நிரல் கிடைத்திருந்தால் அதுவும் இணைந்திருக்கும். அறிக்கைக்குப் பதில் எழுதியே இயந்திரத்துக்குக் கட்டளையிடலாம்: இது இந்தத் திருத்தத்தால் சரியாகிவிட்டது, இது அந்த வழுவின் நகல், இது வழுவே இல்லை, இந்தப் பேட்சை, அதாவது திருத்த நிரலைப் போட்டுச் சோதித்துப் பார். நீண்ட நாள் மறுபடி நிகழாத வழுவைத் தானே மூடிக்கொள்ளும். 2023 முதல், தீராத வழுக்களைத் தனித்தனியாக நினைவூட்டாமல், ஒவ்வொரு துணை அமைப்புக்கும் மாதத்துக்கு ஒரு தொகுப்பறிக்கை அனுப்புகிறது. பேசவும் கேட்கவும் தெரிந்த இயந்திரம் அது. பதில் எழுத முடியாத முகவரியிலிருந்து வரும் அறிவிப்புகளோடு ஒப்பிட்டால் இதன் மரியாதை புரியும்.

அங்கே இன்னும் சில நல்ல உதாரணங்கள் உண்டு. கருநிரலைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு கிளையைத் தன் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால், கோரிக்கை அனுப்பியவருக்கு அதே உரையாடலின் கீழ் ஒரு சிறு மடல் தானாக வருகிறது. வந்துசேர்ந்ததா இல்லையா என்று தவித்துக்கொண்டிருந்தவருக்கு அது போதும். கருநிரல் பராமரிப்பாளர் கிரெக் க்ரோ-ஹார்ட்மனின் பேட்ச் தானியங்கி, பேட்ச் அனுப்பியவர் வழக்கமாகச் செய்யும் தவறுகளைச் சுட்டிக்காட்டும். அதற்குப் பதில் எழுதினால் கிரெக்கே படிப்பார் என்றும் சொல்லிவிடும். இரண்டிலும் மடல் யாருக்குத் தேவையோ அவர் இருக்கும் உரையாடலுக்குள் வருகிறது. புதுத் தலைப்பில் எல்லோர் முன்னும் வந்து நிற்பதில்லை.

தொழில்நுட்பத் தரங்களும் இந்தத் திசையைத்தான் காட்டின. இந்த மடலை எழுதியது இயந்திரம் என்று மடலின் தலைப்பகுதியிலேயே அறிவிக்கும் குறியீட்டை 2004-இல் வந்த ஆர்.எஃப்.சி. 3834 வகுத்தது. எந்தக் குழுவின் வழியாக வந்தது என்பதைச் சொல்லும் அடையாளத்தை 2001-இன் ஆர்.எஃப்.சி. 2919 தந்தது. எந்தக் காரணத்துக்காக உனக்கு அனுப்பினேன் என்பதை கிட்ஹப் தனிக் குறிப்பாகவே எழுதி வைக்கிறது. இவற்றை வைத்து யாரும் தன் பெட்டியில் வடிகட்டி போட்டுக்கொள்ளலாம். "வடிகட்டி போட்டுக்கொள்ளுங்களேன்" என்பதுதான் புகார் வரும்போதெல்லாம் பழையவர்கள் சொல்லும் பதிலும். அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. பல ஆண்டுகளாக வடிகட்டிகளைச் செதுக்கி வைத்திருப்பவருக்கு வெள்ளம் தெரியாது. வெள்ளத்தை நிறுத்தும் அதிகாரம் இருப்பதோ அவரிடம்தான். நேற்றுச் சேர்ந்த மாணவிக்கு வடிகட்டி இல்லை. அவள் முதல் நாளே திணறுகிறாள். தன் ஐயத்தை இங்கே எழுதலாமா என்று யோசிக்கிறாள். மனிதர் யாரும் பேசுவதாகத் தெரியாததால் எழுதாமலேயே விலகிவிடுகிறாள். அவள் ஏன் போனாள் என்று யாரும் கேட்கப்போவதில்லை.

விலகுபவர்களில் சிலர் சந்தாவை ரத்து செய்யும் வழி தெரியாமல் ஸ்பேம் பொத்தானை அழுத்திவிடுகிறார்கள். இது சின்ன விஷயமாக இருந்தது 2024 பிப்ரவரி வரைதான். ஒரு நாளில் 5,000-க்கு மேல் மடல் அனுப்புபவர்களுக்கு ஜிமெயில் அப்போது விதிகளை இறுக்கியது. ஸ்பேம் புகார் 0.3 விழுக்காட்டை எட்டக்கூடாது என்றது. இயந்திர மடல்களால் சலித்துப் போனவரின் புகார், அதே களப்பெயரிலிருந்து வரும் வாக்கெடுப்பு மடலையும் பாதுகாப்பு எச்சரிக்கையையும் மற்றவர்களின் ஸ்பேம் பெட்டிக்குத் தள்ளக்கூடும்.

மடற்குழுவையே விட்டுவிடலாம் என்று முடிவெடுத்தவர்களும் உண்டு. பைத்தான் மொழியின் மைய விவாதம் 2022-இல் டிஸ்கோர்ஸ் என்ற வலை அரங்குக்கு மாறியது. பேச்சும் இயந்திர அறிவிப்பும் வேறு வேறு இடங்களில் இருக்க வேண்டும் என்ற தேவை அங்கேயும் போய்விடவில்லை.

அறிவிப்பு அனுப்புபவருக்குச் செலவு கிடையாது. படிப்பவர்தான் தன் நேரத்தால் அந்தச் செலவைத் தீர்க்கிறார் என்பதே இதற்கெல்லாம் வேர். கருவியை நிறுவியவர் ஒருவர், ஆரம்ப அமைப்பை முடிவு செய்தது எங்கோ உள்ள ஒரு நிறுவனம், சுமப்பது சம்பளமில்லாத நூறு பேர். நிரலில் ஒரு வரியை மாற்ற 72 மணி நேரம் காத்திருக்கும் சமூகம், நூறு பேரின் கவனத்தைச் செலவழிக்கும் அமைப்பை யாரையும் கேட்காமல் ஏற்றுக்கொள்வது எனக்குப் பெரிய முரணாகப் படுகிறது. ஒரு புதிய கருவி குழுவுக்கு மடல் அனுப்பத் தொடங்கும் முன் அந்தக் குழுவில் விவாதம் நடக்க வேண்டும். இந்த மடலைப் பார்த்து யார் என்ன செய்யப் போகிறார்கள் என்ற கேள்விக்கு அதைக் கொண்டுவருபவர் பதில் சொல்ல வேண்டும். பதில் இல்லாத மடலை ஆவணத்தில் மட்டும் சேர்த்துக்கொள்ளலாம். ஒருவரின் பெட்டிக்கு அனுப்ப வேண்டியதில்லை.

நீங்கள் ஒரு திறமூலத் திட்டத்தைப் பராமரிப்பவராக இருந்தால், உங்கள் வடிகட்டிகளை மறந்துவிட்டு, விவாதக் குழுவின் சென்ற மாத ஆவணத்தை இணையத்தில் திறந்து புதியவரின் கண்ணால் மேலிருந்து கீழே வரை பாருங்கள். இயந்திரம் எழுதியவற்றில் எவற்றுக்கு மனிதர் யாராவது பதில் எழுதினார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒருவரும் பதில் எழுதாத வகைகளின் பெயரைச் சொல்லி, இவற்றை இங்கிருந்து நகர்த்தலாமா என்று அதே குழுவில் இந்த வாரமே ஒரு மடல் எழுதுங்கள்.